பழைய ரோல் நின்னு போச்சு, புது ரோல்ல அந்த ரிசல்ட் வரல: நெகட்டிவைப் பாத்தே கோளாறு கண்டுபிடிக்கிற வழி

கறுப்பு வெள்ள கேமரா பிலிம் ரோல்ல பிளஸ்-எக்ஸ் 2011ல நின்னுச்சு, வெரிக்ரோம் பான் அதுக்கும் முன்னாடி 2002லயே போச்சு, நியோபான் 400 2013 வாக்குல கடையில இல்லாம போச்சு, ஆக்ரோஸ் 2018ல நிறுத்திட்டு 2019ல ஆக்ரோஸ் டூன்னு திரும்ப வந்துச்சு, நம்ம ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் போட்ட இந்து ரோல் எல்லாம் இப்ப பழைய ஸ்டுடியோ பீரோவுல தான் இருக்குது. இதுங்களப் போட்டு வருஷக்கணக்கா எடுத்து கை பழகினவங்க இப்ப எஃப்பி4, எச்பி5, போமாபான், கென்ட்மியர், டீ-மேக்ஸ்னு எது கிடைக்குதோ அதுக்கு மாறுறாங்க, மாறின உடனே வட சென்னையில ராயபுரம், பெரம்பூர், திருவொற்றியூர்னு எந்தப் பக்கத்து ஆளா இருந்தாலும் சொல்றது ஒரே புகார் தான், "பிலிமு சரியில்லபா". நான் பாத்த வரைக்கும் புது பிலிம் நல்லா தான் இருக்குது, பழைய ரோலுக்கு வச்சிருந்த ஐஎஸ்ஓ (பிலிம் வேகம்), கழுவுற டைம், ஹைப்போ (படத்த நிலைக்க வைக்கிற பிக்ஸர் மருந்து) எல்லாத்தையும் அப்படியே புது ரோலுக்கும் வச்சா தான் ரிசல்ட் கெடுது. அதனால கீழ ஒவ்வொரு கோளாறா எழுதிருக்கேன், உங்க நெகட்டிவ்ல எது தெரியுதோ அங்க போய் படிங்க, ஆனா அடுத்த பகுதிய மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க.

முதல்ல ஓரத்து எழுத்தப் பாருங்க

காஞ்ச நெகட்டிவ தூக்கி டியூப் லைட்டுக்கு நேரா புடிங்க, லைட்டுக்கு முன்னாடி ஒரு வெள்ளப் பேப்பர் இருந்தா இன்னும் நல்லது. படத்த அப்புறம் பாக்கலாம். துளை வரிசைக்குப் பக்கத்துல பிலிம் பேரும் பிரேம் நம்பரும் இருக்கும்ல, அது பேக்டரியிலயே லைட் காட்டி அச்சடிச்சது, உங்க கேமராவுக்கும் வெளிச்சம் அளக்குற மீட்டருக்கும் அதுல எந்த சம்பந்தமும் கிடையாது, நீங்க கழுவினதுல மட்டும் தான் அது வெளிய வருது. அதனால எழுத்து நல்லா கறுப்பா, கெட்டியா இருந்து படம் மட்டும் மெலிசா இருந்தா கழுவுனது சரி, எக்ஸ்போஷர் கம்மி. எழுத்தும் வெளுத்து படமும் வெளுத்து இருந்தா டெவலப்பர்ல (படத்த வெளிய கொண்டு வர்ற மருந்து) கோளாறு, நேரம் பத்தல, இல்ல மருந்து செத்துப் போச்சு. எழுத்து கொழகொழன்னு கரி மாதிரி பரவி இருந்தா ஓவரா கழுவிட்டீங்க. எழுத்தே இல்லாம ரோல் பூரா கண்ணாடி மாதிரி இருந்தா டெவலப்பருக்கு முன்னாடி ஹைப்போ ஊத்தியாச்சுன்னு அர்த்தம், எழுத்து இருக்கு படம் ஒண்ணு கூட இல்லன்னா ரோல் கேமராவுல மாட்டி ஓடவே இல்ல.

இத ஒரே ஒரு பிராண்டுக்குள்ள ஒப்பிட்டா தான் சரியா வரும், ஏன்னா ஒவ்வொரு கம்பெனியும் எழுத்த ஒவ்வொரு அழுத்தத்துல அச்சடிக்கும். ஒரு ரோல் நல்லா வந்துச்சுன்னா அதுலேந்து ரெண்டு பிரேம் அளவு வெட்டி கவர்ல போட்டு மேல பிலிம் பேர், டெவலப்பர், நேரம், சூடு நாலும் எழுதி வச்சிகினு இருங்க, அடுத்த தடவ சந்தேகம் வந்தா பக்கத்துல வச்சுப் பாக்க அது ஒண்ணு போதும்.

நிழல் பக்கம் ஒண்ணுமே இல்ல, எழுத்து மட்டும் நல்லா இருக்கு

இது தான் ரொம்ப பேருக்கு வர்ற கோளாறு. டப்பாவுல 400ன்னு போட்டிருக்கு, நாங்களும் 400ல தான் வச்சோம்னு சொல்வாங்க. நியோபான் 400 போட்டுகினு இருந்தவர் விலை கம்மின்னு போமாபான் 400க்கு மாறினா கண்டிப்பா இங்க மாட்டுவார், ஏன்னா சாதாரண டி-76 டெவலப்பர்ல போமா 400க்கு நிழல்ல விவரம் வேணும்னா 200 இல்ல 250ல வச்சா தான் கிடைக்கும், அத 400ல வச்சா கறுப்பு பேண்ட், ஆட்டோ சீட்டுக்கு அடியில, வீட்டு வாசப்படிக்கு உள்ள இருட்டு, எல்லாம் ஒரே காலி கண்ணாடியா போயிடும். போமா 200க்கும் இதே கதை, 125 இல்ல 160 வைங்க. எச்பி5 பிளஸ், ட்ரை-எக்ஸ் ரெண்டும் போட்ட நம்பருக்கு ஓரளவு நியாயமா நிக்கும், ஆனா ரோடினல் டெவலப்பர்ல கழுவுற ஆளா இருந்தா எந்த பிலிமா இருந்தாலும் அரை ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூட குடுங்க, அந்த மருந்து நிழல் வேகத்த கொஞ்சம் தின்னும்.

டெல்டா 3200, டீ-மேக்ஸ் பி3200 ரெண்டையும் பேரப் பாத்து ஏமாறாதீங்க, அது நிஜமா ஆயிரம் பக்கத்துல வேகம் உள்ள பிலிம், 3200ல வச்சா அது தள்ளிக் கழுவுற கணக்கு தான், அதாவது வெளிச்சத்த கம்மியா குடுத்துட்டு டெவலப் நேரத்த நீட்டுறது. நியோபான் 1600 போச்சேன்னு தேடுறவங்க டெல்டா 3200ஐ 1600ல வச்சு கழுவிப் பாருங்க, நான் பாத்ததுல அது தான் கிட்ட வருது, கிரெயின் (படத்துல மணல் மாதிரி தெரியுற புள்ளி) மட்டும் அதைவிட பெருசா இருக்கும்.

பிலிமத் திட்டுறதுக்கு முன்னாடி கேமராவுலயும் ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு, பழைய கேமராவுல மெர்க்குரி பேட்டரி போடுற மாதிரி மீட்டர் இருந்தா அது 1.35 வோல்ட்டுக்கு செட் பண்ணது, இப்ப கிடைக்குற ஆல்கலைன் 1.5 வோல்ட், அத போட்டா நிறைய கேமராவுல மீட்டர் வெளிச்சம் அதிகமா இருக்குன்னு காட்டும், நீங்க அத நம்பி கம்மியா எடுப்பீங்க. பழைய பிலிம் போட்ட காலத்துல நல்ல பேட்டரி இருந்துச்சு, புது பிலிம் வந்தப்ப பேட்டரியும் மாறிப் போச்சு, பழி பூரா பிலிம் மேல. ரெண்டாவது, பெரிய நீளச் சுருள்ல இருந்து வெட்டி தனியா சுருட்டி விக்கிற டபுள்-எக்ஸ் மாதிரி சினிமா பிலிம் ரோல்ல டப்பா மேல பெரும்பாலும் டிஎக்ஸ் கோடு (பிலிம் வேகத்த கேமராவுக்கு சொல்ற அடையாளம்) இருக்காது, ஆட்டோமேட்டிக் காம்பேக்ட் கேமரா கோடு இல்லன்னா பெரும்பாலும் 100ன்னு எடுத்துக்கும். கையால ஐஎஸ்ஓ மாத்த முடியாத கேமராவா இருந்தா அந்த ரோல அதுல போடாதீங்க.

வெள்ள வேட்டி, வானம், தகரக் கூரை எல்லாம் அடிச்சுகினு போகுது

எழுத்து கெட்டியா, ஹைலைட் கரியா, பிரிண்ட்லயோ ஸ்கேன்லயோ வெள்ள எல்லாம் சுண்ணாம்பு மாதிரி வந்தா டெவலப் அதிகம். நம்ம ஊர்ல இதுக்கு 90 சதவீதம் காரணம் தண்ணி சூடுன்னு நான் அடிச்சு சொல்வேன். தொட்டியில இருக்குற தண்ணி சாதாரண நாள்லயே 28, 30 டிகிரி, சித்திரை வைகாசியில மொட்டை மாடி சின்டெக்ஸ் தண்ணி கைய வச்சா சுடும். கம்பெனிக்காரன் குடுக்குற நேரம் எல்லாம் 20 டிகிரிக்கு. ஒரு டிகிரி ஏறுனா நேரத்துல சுமார் பத்துல ஒரு பங்கு குறைக்கணும், அப்படி குறைச்சுகினே போனா எச்பி5 பிளஸுக்கு டி-76 ஸ்டாக்ல (மேல தண்ணி சேக்காத மூல மருந்து) 20 டிகிரிக்கு ஏழரை நிமிஷம் இருக்குறது 30 டிகிரிக்கு 3 நிமிஷத்துக்கும் கீழ போயிடும். 5 நிமிஷத்துக்கு கீழ கழுவுனா ஊத்துற நேரம், கொட்டுற நேரத்துலயே பாதி போயிடும், வானம் திட்டுத் திட்டா வரும்.

அதுக்காக 20 டிகிரிக்கு கொண்டு வர்றேன்னு ஐஸ் மேல ஐஸா கொட்டி கஷ்டப்பட வேணாம். மருந்த நீர்க்க விடுங்க, நேரம் தன்னால நீளும். எச்பி5 பிளஸுக்கு ஸ்டாக்கும் தண்ணியும் ஒண்ணுக்கு ஒண்ணு கலந்தா 20 டிகிரிக்கு 13 நிமிஷம், 24 டிகிரிக்கு 9 நிமிஷம் கிட்ட. எஃப்பி4 பிளஸ் ஒண்ணுக்கு ஒண்ணு 20 டிகிரிக்கு 11 நிமிஷம், 24க்கு ஏழேகால், ஏழரை. வெயில் காலத்துல 24 கூட வரலன்னா ஒண்ணுக்கு மூணு கலங்க, ரெண்டு பிலிமுக்குமே 20 டிகிரிக்கு 20 நிமிஷம், 27 டிகிரிக்கு ஒம்பதரை பத்து நிமிஷம்னு வரும், அது சௌகரியமான நேரம். ஒரே ஒரு கண்டிஷன், ஒரு ரோலுக்கு குறைஞ்சது 100 மில்லி ஸ்டாக் உள்ள போகணும், அதனால ரெண்டு ரீல் புடிக்கிற கழுவுற டேங்க்ல ஒரு ரோல் மட்டும் போட்டு 500 மில்லி ஊத்துங்க, 125 மில்லி ஸ்டாக், 375 மில்லி தண்ணி. இது ஆரம்பக் கணக்கு தான், உங்க தெர்மாமீட்டர், நீங்க டேங்க கவுக்குற வேகம் இதுக்கெல்லாம் ஏத்த மாதிரி அரை நிமிஷம் ஒரு நிமிஷம் முன்ன பின்ன மாத்திக்கணும்.

ஐஸ் போடணும்னா டெவலப்பர் பாட்டில், ஹைப்போ பாட்டில், வாஷ் தண்ணி மூணையும் ஒரே பேசின்ல வச்சு அந்தப் பேசின்ல ஐஸ் போடுங்க. எல்லாம் ஒரே சூட்டுல இருக்குறது தான் முக்கியம், 24 டிகிரியில கழுவிட்டு 33 டிகிரி குழாய்த் தண்ணிய நேரா தொறந்து விட்டா பிலிம் மேல உள்ள ஜெலட்டின் பூச்சு சட்டுன்னு உப்பி சுருங்கும், படம் முழுக்க சின்னச் சின்ன விரிசல் மாதிரி வரும். எச்பி5, டீ-மேக்ஸ் ஓரளவு தாங்கும், போமாபானோட எமல்ஷன், அதாவது அந்தப் பூச்சு, ஈரத்துல ரொம்ப மெத்து, அது தாங்காது.

இன்னொரு காரணம் பிலிமோட குணம். பிளஸ்-எக்ஸ்ல இருந்து டீ-மேக்ஸ் 100க்கு மாறினவங்களுக்கு இது புரியணும். வெளிச்சம் ஏற ஏற கறுப்பு எப்படி ஏறுதுன்னு காட்டுற வளைவு டீ-மேக்ஸ்ல மேல போயும் வளையாது, நேரா ஏறிகினே போகும், வெளிச்சம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கெட்டியா பதியும், அதோட நேரம், சூடு, ஆட்டுறது இதுல எது கொஞ்சம் மாறினாலும் உடனே காட்டிடும். ட்ரை-எக்ஸ், எச்பி5 ஒரு நிமிஷம் கூடப் போனாலும் மன்னிக்கும், டீ-மேக்ஸ் மன்னிக்காது. பிளஸ்-எக்ஸ் 35 எம்எம் ரோலுக்கு பதில் என்ன போடலாம்னு என்னக் கேட்டா யோசிக்காம எஃப்பி4 பிளஸ்னு சொல்வேன், வேகமும் அதே 125, ஒரு தெருவுல வெயிலும் நிழலும் பாதிப் பாதியா விழுந்தா அத ரெண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி புடிக்கும், நேரம் மட்டும் பிளஸ்-எக்ஸுக்கு வச்சதை விட நீளமா வேணும், பழைய நேரத்த வச்சா எஃப்பி4 மந்தமா சாம்பலா வந்துடும். ஆனா பழைய ஸ்டுடியோக்காரங்க 120லயும் (பின் பேப்பரோட வர்ற அகல ரோல்) ஷீட்லயும் போட்ட பிளஸ்-எக்ஸ் ப்ரொபஷனல் வேற பிலிம், அது நிழல அமுக்கி முகத்துல ஹைலைட்ட அழகா பிரிக்கும், அதுக்கு சரியான மாத்து ரோல் இன்னைக்கு இல்ல, லைட்டிங்ல தான் கொண்டு வரணும்.

முகம் ஏதோ மாதிரி இருக்கு, உதடு கறுப்பு, இல்ல உதடே காணோம்

இத யாரும் பெருசா பேசுறதில்ல, நம்ம தோல் நிறத்துக்கு இது ரொம்ப முக்கியம், அதனால நிறுத்தி எழுதுறேன். ஒரு பிலிம் எந்த நிறத்த எவ்வளவு பாக்குதுங்கிறது பிராண்டுக்கு பிராண்டு மாறும். நம்ம மாநிறம், கறுப்பு தோல்ல இருந்து திரும்பி வர்ற வெளிச்சத்துல சிவப்பு பங்கு தான் அதிகம். அப்ப சிவப்ப கம்மியா பாக்குற பிலிம் போட்டா முகம் இன்னும் இருட்டாகும், முகத்துல உள்ள சின்னத் தழும்பு, வெயில்ல கறுத்த இடம் எல்லாம் தூக்கிக் காட்டும். ஆக்ரோஸ், ஆக்ரோஸ் டூ ரெண்டும் சிவப்ப மத்த பான் பிலிமவிட (எல்லா நிறத்தையும் பாக்குற பிலிம்) கம்மியா பாக்குற வகை. 2019ல ரோலா வந்த இல்ஃபோர்ட் ஆர்த்தோ பிளஸ் சிவப்ப சுத்தமா பாக்காது, அதோட வேகம் வெயில்ல 80, மஞ்சள் பல்பு வெளிச்சத்துல 40. இதுக்கு எதிர்ப்பக்கம் ரோலய் ரெட்ரோ 80எஸ், அது கண்ணுக்குத் தெரியாத சிவப்பு வரைக்கும் சுமார் 750 நானோமீட்டர் வரை பாக்கும், அதுல தோல் உள்ளேந்து வெளிச்சம் வர்ற மாதிரி மின்னும், உதடு வெளுத்துப் போய் முகத்தோட கலந்துடும், நீல வானம் பில்டர் இல்லாமலே இறங்கும்.

காசிமேட்டுல விடிகாலையில ஏலம் நடக்குற இடத்துல ஒரே அக்காவ ரெண்டு பிலிம்ல எடுத்தது என்கிட்ட இருக்குது. அக்கா மீன் கூடைக்குப் பின்னாடி பலகை மேல உக்காந்து, நெத்தியில பெரிய குங்குமப் பொட்டு, மூக்குத்தி, பின்னாடி நீலம் பூசின பைபர் படகு. ஆக்ரோஸ் டூல பொட்டு கறுப்பா, அழுத்தமா நிக்குது, கன்னத்துல வேர்வை பளபளப்பு தனியா தெரியுது, படகு நல்ல வெளிர் சாம்பல். ரெட்ரோ 80எஸ்ல பொட்டு ஏறக்குறைய காணாம போச்சு, முகம் அழகா ஏறி வந்திருக்கு, படகு கறுப்புக்கு கிட்ட. ரெண்டும் தப்பில்ல, ஆனா உங்களுக்கு வேண்டியது எதுன்னு முன்னாடியே தெரிஞ்சு ரோல் போடணும். நடுவுல வேணும்னா எச்பி5, எஃப்பி4, ட்ரை-எக்ஸ் மூணும் பத்திரம், கல்யாணம் காதுகுத்துக்கு நான் இத தவிர வேற போடச் சொல்ல மாட்டேன்.

ரெட்ரோ 80எஸ் நிழல்ல எடுத்தா வேகம் இன்னும் குறையும், ஏன்னா நிழல்ல வர்றது நீல வெளிச்சம், அதுல 25, 40ன்னு வைங்க. ஆக்ரோஸ் மேல சிவப்பு பில்டர் போட்டா பில்டர் மேல எழுதியிருக்குற கணக்க விட அதிகமா திறக்கணும், இல்லன்னா மெலிசா வரும். வானம் மட்டும் பழைய மாதிரி வரல, ரொம்ப வெளுத்து வருதுன்னா மஞ்ச பில்டர் ஒண்ணு போட்டு ஒரு ஸ்டாப் கூட குடுங்க, பாதி பேருக்கு பழைய பிலிம் ஞாபகமே அந்த மஞ்ச பில்டரோட தான் இருக்கும், பில்டர் தொலைஞ்சது மறந்து போயிருக்கும்.

ராத்திரி எடுத்தது எல்லாம் காலி

எண்ணூர் பக்கம் சிம்னி லைட்டு, துறைமுகத்து கிரேன் லைட்டு, மின்ட் பக்கம் ராத்திரி தெரு, இதெல்லாம் ஸ்டாண்டு போட்டு எடுக்குறவங்களுக்கு வர்ற கோளாறு. மீட்டர் 10 செகண்டு சொல்லுது, 10 செகண்டு குடுத்தாங்க, பழைய ஆக்ரோஸ்ல சரியா வந்துச்சு, இப்ப வரல. ஆக்ரோஸ் அந்த விஷயத்துல தனிப் பிறவி, 120 செகண்டு வரைக்கும் எந்தத் திருத்தமும் வேணாம், ஆக்ரோஸ் டூவும் அப்படித் தான். மத்த பிலிம் எல்லாம் நீண்ட நேரத்துல சோர்ந்து போகும். அதே 10 செகண்டுக்கு டீ-மேக்ஸ் 100க்கு 15 செகண்டு, எஃப்பி4 பிளஸுக்கு 18, எச்பி5 பிளஸுக்கு 20, ட்ரை-எக்ஸுக்கு 50, போமாபான் 100க்கு 80 செகண்டு குடுக்கணும். போமாபான்ல 100 செகண்டு மீட்டர் சொன்னா 1600 செகண்டு, அதாவது அரை மணி நேரத்துக்கு கிட்ட. ராத்திரி வேலைக்கு விலையப் பாக்காம ஆக்ரோஸ் டூ வாங்குங்க, போமாவுல மிச்சம் பண்ண காசு நிக்குற நேரத்துல போயிடும்.

நேரம் கூட்டிக் குடுத்தா லைட்டு இருக்குற இடம் கரியாகும், அதனால அந்த ரோல கழுவும் போது நேரத்த கொஞ்சம் குறைங்க. லைட்டச் சுத்தி பெரிய வட்டமா பனி மூட்டம் மாதிரி வந்தா லென்ஸ்ல கடல் உப்புப் படலம் இருக்கான்னு முதல்ல துடைச்சுப் பாருங்க, நம்ம பக்கம் அது சகஜம். துடைச்சும் வந்தா பிலிம்ல பின்பக்க வெளிச்சத்தத் தடுக்குற பூச்சு வலு கம்மி, அதுக்கு வேற பிலிம் தான் வழி.

கிரெயின் பெருசா தெரியுது

பானடாமிக்-எக்ஸ் 32 வேகத்துல இருந்துச்சு, மணல் கூட தெரியாதுன்னு பெரியவங்க சொல்வாங்க, அது உண்மை. ஆனா இன்னைக்கு டீ-மேக்ஸ் 100, டெல்டா 100 ரெண்டும் தட்டையான படிகம் வச்சு பண்றது, அவ்வளவு நுணுக்கம் 100 வேகத்துலயே கிடைக்குது. பழைய மாதிரி உருண்டை படிகம் தான் வேணும்னா பான் எஃப் பிளஸ் 50. அப்படியும் கிரெயின் கொட்டுதுன்னா ரோடினல்ல கழுவினீங்களான்னு பாருங்க, அது கிரெயினை கரைக்காம கூர்மையா விடுற மருந்து, எச்பி5க்கு அது எனக்குப் பிடிக்கும், முகத்துக்கு பிடிக்காது. டி-76 ஸ்டாக் கிரெயினை மெதுவாக்கும், நீர்க்க விட விட கூர்மை ஏறும். ஸ்கேன்ல மட்டும் கிரெயின் பெருசா, நெகட்டிவ லூப்ல (பூதக்கண்ணாடி) பாத்தா இல்லன்னா அது ஸ்கேனர் ஷார்ப்பனிங், நிறுத்திடுங்க.

பான் எஃப் பிளஸ் போடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, எடுத்து முடிச்சு 3 மாசத்துக்குள்ள கழுவணும்னு கம்பெனியே சொல்லுது, உள்ள பதிஞ்ச படம் மெல்ல மங்கும். பீரோவுல ஒரு வருஷம் வச்சு அப்புறம் கழுவி ஓரத்து எழுத்தே தெரியலன்னா டெவலப்பர சந்தேகப்படாதீங்க, மங்கிப் போனது தான். மேல சொன்ன எழுத்துக் கணக்கு இந்த ஒரு இடத்துல பொய்க்கும்.

ரோஸ் கலர், இல்ல பால் மாதிரி மூட்டம்

ரெண்டும் வேற வேற. பிலிம் தெளிவா இருந்து லேசா ரோஸ் சாயம் மட்டும் இருந்தா டீ-மேக்ஸ், டெல்டா, ட்ரை-எக்ஸ்ல வர்ற சென்சிடைசிங் சாயம் (பிலிம் நிறங்களப் பாக்க சேக்குற சாயம்), படத்துக்கு கெடுதல் இல்ல. சோடியம் சல்பைட் லிட்டருக்கு 20 கிராம் கரைச்சு ரெண்டு நிமிஷம் ஆட்டிட்டு திரும்ப வாஷ் பண்ணா போயிடும்.

பால் மாதிரி, ஊதா மாதிரி, ஒளி ஊடுருவாம திட்டா இருந்தா பிக்ஸ் ஆகல. இங்க தான் நம்ம பழைய பழக்கம் காலை வாரும். நம்ம ஸ்டுடியோக்காரங்க எல்லாரும் கட்டி ஹைப்போவக் கரைச்சு 10 நிமிஷம் போட்டு பழகினவங்க, இந்து, ஓர்வோ, பிளஸ்-எக்ஸுக்கு அது போதும். தட்டைப் படிக பிலிமுக்கு அது பத்தாது, மருந்தையும் சீக்கிரம் தின்னுடும். ரேபிட் பிக்ஸர் வாங்குங்க. வாங்குனாலும் ஒவ்வொரு தடவையும் ரீல்ல மாட்டும் போது வெட்டிப் போட்ட நாக்குத் துண்டு (ரோலோட முனை) ஒண்ணு எடுத்து வெளிச்சத்துலயே பிக்ஸர்ல முக்குங்க, பால் நிறம் போய் கண்ணாடியாகுற நேரத்த எண்ணுங்க. சாதா பிலிமுக்கு அதுல ரெண்டு மடங்கு, டீ-மேக்ஸ், டெல்டாவுக்கு மூணு மடங்கு. அந்தத் துண்டு தெளிய புது மருந்துல ஆன நேரத்துக்கு ரெண்டு மடங்கு ஆகுதுன்னா மருந்தக் கொட்டிட்டு புதுசு கலங்க. ஏற்கனவே காஞ்சு போன ரோல்ல மூட்டம் பாத்தா பதறாதீங்க, வெளிச்சத்துலயே திரும்ப ரீல்ல சுத்தி புது பிக்ஸர்ல போடலாம், படம் அப்படியே இருக்கும்.

போமாபான் 120 கழுவும் போது முதல் தண்ணி பச்சை நீலமா கொட்டும், முதல் தடவ பாக்குறவங்க பயந்துடுவாங்க. அது பூச்சுச் சாயம், ஒண்ணும் ஆகாது.

பிலிம் முழுக்க சாம்பல், ஆனா படம் நல்லா இருக்கு

டபுள்-எக்ஸ்னா அது இயற்கை. சினிமாவுக்குன்னு பண்ணது, 1959ல இருந்து வருது, வெயிலுக்கு 250, மஞ்ச லைட்டுக்கு 200, அதோட பேஸே சாம்பல். பிலிம் மூட்டம்னு நினைச்சு நேரத்த குறைச்சா படம் தான் கெடும். கலர் சினிமா பிலிம்ல வர்ற கரிப் பூச்சு இதுல கிடையாது, சாதாரணமா கழுவலாம்.

முதல் ரெண்டு மூணு பிரேம்ல ஓரத்துல இருந்து வெளிச்சம் பாஞ்சிருக்கு

ரெட்ரோ 80எஸ் மாதிரி பாலியஸ்டர் பேஸ் பிலிம்ல வெளிய நீட்டிகினு இருக்குற நாக்கு வழியா வெளிச்சம் குழாய்ல தண்ணி போற மாதிரி உள்ள ஓடும். மெரினாவுலயோ காசிமேட்டுலயோ உச்சி வெயில்ல நின்னுகினு ரோல் மாட்டாதீங்க, வீட்டுல இருட்டு மூலையில மாட்டிட்டு போங்க, டப்பாவ விட்டு எடுக்குறது மாட்டுற நேரத்துல தான். இன்னொண்ணு, பழைய அசிடேட் பிலிம் மாட்டிகினா கிழியும், பாலியஸ்டர் கிழியாது, மோட்டார் கேமராவுல முடியுற இடத்துல இழுத்தா கியர் தான் போகும்.

காஞ்ச பிறகு வெள்ளப் புள்ளி, கோடு

நம்ம பக்கத்து போர் தண்ணி உப்பு. கடைசி முக்கு மட்டும் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்ல ரெண்டு சொட்டு வெட்டிங் ஏஜென்ட் (தண்ணி திட்டா நிக்காம வழிய வைக்கிற மருந்து) விட்டு முக்குங்க, விரலாலயோ ஸ்பாஞ்சாலயோ வழிக்காதீங்க, முக்கியமா போமாபான்ல, கோடு விழுந்துடும். ஃபேன் போடாம பாத்ரூம்ல ஷவரக் கொஞ்சம் விட்டு தூசி அடங்கின பிறகு தொங்க விடுங்க. மில்லு, குடோன், லாரி போற ரோட்டுப் பக்கம் வீடுன்னா ஜன்னல சாத்துங்க.

120ல படத்து மேல நம்பர், புள்ளி தெரியுது

பின் பேப்பர் அச்சு எமல்ஷன்ல ஒட்டிப் பதிஞ்சது. சூடும் ஈரமும் தான் காரணம். பிரிட்ஜ்ல காத்துப் போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க, எடுத்ததும் கவரப் பிரிக்காம ரெண்டு மணி நேரம் வெளிய விடுங்க, இல்லன்னா பேப்பர் மேல வேர்க்கும். எடுத்து முடிச்சா உடனே கழுவுங்க.

பழைய ரோல் கிடைச்சுது, மூட்டமா வருது

பழைய ஸ்டுடியோ மூடும் போது இந்து, ஓர்வோ, பிளஸ்-எக்ஸ் ரோல் எல்லாம் பெட்டியோட கைக்கு வரும். டப்பாவத் தொறந்ததும் புளிச்ச வினிகர் வாசனை அடிச்சா அசிடேட் பேஸ் அழுக ஆரம்பிச்சிருக்கு, அத மத்த ரோலோட ஒரே டப்பாவுல வைக்காதீங்க, அந்த ஆவி பக்கத்துல இருக்குறதையும் கெடுக்கும். வாசனை இல்லன்னா முழு ரோலையும் ஒரே அடியா கழுவாதீங்க. ஒரே இடத்த, நல்ல வெயில்ல, ராயபுரம் ஸ்டேஷன் முகப்பு மாதிரி தூணும் நிழலும் வெள்ளச் சுவரும் இருக்குற இடத்த, டப்பாவுல போட்ட வேகத்துல ஒண்ணு, ஒரு ஸ்டாப் கூட ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் கூட ஒண்ணு, மூணு ஸ்டாப் கூட ஒண்ணுன்னு எடுங்க, நடுவுல ரெண்டு பிரேம் மூடியோட காலியா விடுங்க, அதே நாலையும் திரும்ப எடுங்க. இருட்டுல சுமார் ஒரு அடி வெட்டி அத மட்டும் கழுவுங்க. காலி பிரேம் எவ்வளவு கறுப்போ அவ்வளவு மூட்டம் அந்த ரோல்ல ஏறியிருக்கு. எச்.சி-110 டெவலப்பர் இருந்தா அதுல கழுவுங்க, டி-76 விட மூட்டத்த கம்மியா ஏத்தும். தூணுக்கு உள்பக்க நிழல்ல செங்கல் வரி எந்தப் பிரேம்ல முதல்ல தெரியுதோ அது தான் அந்த ரோலோட இன்னைய வேகம், மிச்சத்த அந்த வேகத்துல எடுங்க, அதே பெட்டியில வந்த மத்த ரோலுக்கும் அத ஆரம்பமா வச்சுக்கலாம்.